மோனைக்கு ஒரு பேர்

பேச்சி கழுத்தறுத்தான் பேயாண்டிப் பாவி
பேய்மழை கொட்டையிலே பின்கட்டைத் தாவி

இப்படித்தான் அச்சில் இருந்தது.
மஞ்சள் தாள், எட்டுப் பக்கம், பத்துப் பைசா.
அட்டையில் அரிவாள் படம்;
அந்த அச்சகத்தின் எல்லாக் கொலைச் சிந்துக்கும்
அதே அரிவாள்.
திருமங்கலம் சந்தையிலும் திண்டுக்கல் பாசஞ்சரிலும்
கஞ்சிரா தட்டிப் பாடி விற்றார்கள்.

நான் மதுரை ஜில்லா கோர்ட்டில் நகல் பிரிவு.
பதினெட்டு வருஷமாக
அடுத்தவர் வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல்
எடுத்துக் கொடுப்பவன்.
பிழை இருந்தால் பிழையோடு.

ஒச்சம்மா வந்தாள்,
கோர்ட் ஸ்டாம்பை முந்தானையில் முடிந்துகொண்டு.
வழக்கு நம்பர் தெரியாது.
வருஷம் மட்டும் அறுபத்தொன்பது.
"இதை வச்சு எப்படிம்மா தேடுறது?"
பாட்டின் முதல் இரண்டு வரியைச் சொன்னாள்,
ராகம் இல்லாமல்,
ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்வதுபோல.

மூன்றாம் நாள் கட்டு கிடைத்தது.
ஒரு மூலையை எலி தின்றிருந்தது.

இறந்தவர் பேச்சியம்மாள், வயது இருபத்தாறு.
வெட்டியவன் சோலை, அவள் கொழுந்தன்.
பங்குக் கிணற்றில் ஆயில் என்ஜின் முறை;
அவள் முறையில் அரை மணி கூட ஓடிவிட்டதாம்.
கிணற்றில் முழங்கால் தண்ணீர் என்கிறார்
கிராம முன்சீப்.
மகஜரில் மழை தேடினேன்.
ரத்தம் காய்ந்த மண், இரண்டு டப்பா.

பேயாண்டி
அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி.
வண்டி பூட்டி, ஏழு மைல்,
உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்.
குறுக்கு விசாரணை:
உன் வேட்டியில் ரத்தம் எப்படி?
அந்தப் புள்ள தலை என் மடியில கெடந்துச்சு சாமி.
அப்படியானால் வண்டியை ஓட்டியது யார்?
மாடுக. அதுகளுக்கு வழி தெரியும்.

சோலைக்கும் பேச்சிக்கும்
முதல் எழுத்து ஒட்டவில்லை, அவ்வளவுதான்.
தீர்ப்பு வெள்ளிக்கிழமை. சந்தை திங்கள்.
பாட்டுக் கட்டியவர்
சாட்சிப் பட்டியலில் விரலை ஓட்டியிருப்பார்.
மூன்றாவது பெயரில் நின்றிருக்கும்.
பே கிடைத்ததும்
மழையும் தானாக வந்துவிட்டது.
தண்ணீர்ச் சண்டையில் செத்தவளுக்கு
எட்டுப் பக்கமும் அடைமழை.

சோலை பதினோரு வருஷத்தில் வெளியே வந்து
செக்கானூரணியில் பரோட்டாக் கடை போட்டானாம்.
கூட்டம் நன்றாக இருந்ததாம்.
பேயாண்டி வீட்டில் பெண் கேட்டு வந்தவர்கள்
பேரைக் கேட்டதும்
காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.
இது கட்டில் இல்லை. ஒச்சம்மா சொன்னது.

"இப்ப என் மவனுக்குப் பேசுறோம்.
பொண்ணோட பெரியப்பனுக்கு
அந்தப் பாட்டு முழுசாத் தெரியுதுங்க.
கொலைகாரன் பேரனுக்காங்குறான்.
சீல் நல்லா எடுப்பா வச்சுக் குடுங்க."

நாற்பத்தொரு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் வைத்தேன்.
மஞ்சள் பையில் வாங்கி வைத்துக்கொண்டு
முறுக்கிய ஸ்டாம்ப் சில்லறையை எண்ணும்போது
முணுமுணுத்தாள்,
அதே பாட்டு, இப்போது ராகத்தோடு.
நான் நிமிர்ந்ததும் நிறுத்தினாள்.

"மெட்டு நல்லாருக்குதுங்களே, என்ன செய்ய.
களையெடுக்கையில எங்கய்யாவே பாடும்.
பேரு வர்ற எடத்துல மட்டும்
இருமும்."

அன்று சாயங்காலம் திருப்பரங்குன்றம் பஸ்ஸில்
ஜன்னலோரம் உட்கார்ந்து
சோலையைப் போட்டுப் பார்த்தேன்.
அடி இடறுகிறது.
பேச்சியை எடுத்துவிட்டு முயன்றேன்,
அவளும் போய்விட்டால் பாட்டில் யார்?
ஆண்டாள்புரம் தாண்டுவதற்குள்
பழைய வரியே வாயில் வந்து நின்றது,
கொஞ்சம் சத்தமாகவே.

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
இருமினேன்.